எடுத்துக்காட்டுச் செய்நிரல்

ஒரு மென்பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று காட்ட எழுதும் சிறு நிரலை ‘சாம்பிள் கோட்’ என்றும் ‘எக்ஸாம்பிள் கோட்’ என்றும் மாறி மாறிச் சொல்கிறோம். இரண்டும் ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகள். இலத்தீனில் ‘எக்ஸிமெரே’ என்றால் வெளியே எடுத்தல். அதில் பிறந்த ‘எக்ஸெம்ப்ளும்’ பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது, ஒன்று முதல் எழுத்தை உதிர்த்துவிட்டு ‘சாம்பிள்’ ஆயிற்று. நம் கணிதப் புத்தகத்து ‘உதாரணம்’ வடமொழி ‘உதாஹரண’. அதற்கும் எடுத்து முன்னே கொண்டுவருதல் என்பதே பொருள். தமிழ்ச்சொல்லில் இன்னொரு வினையும் உண்டு: எடுத்து, காட்டு.

முன்பு ‘காட்டு’ தனியாகவே இந்தப் பொருளைத் தந்தது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தியார் நன்னூலில், சூத்திரத்துக்கு எழுதும் சுருக்க உரையான காண்டிகையுரைக்கு இலக்கணம் சொல்லும்போது ‘கருத்துப் பதப்பொருள் காட்டு’ என்று மூன்றை வைக்கிறார். நல்லூர் ஆறுமுக நாவலர் அதே நன்னூலுக்கு எழுதியதும் காண்டிகையுரைதான். சூத்திரத்துக்குக் கீழே காட்டு நிற்கவேண்டும் என்பது யாழ்ப்பாணத்துக்குப் பழகிய ஒழுங்கு. ஆனால் இன்றைக்கு ‘காட்டு நிரல்’ என்று எழுதினால் காட்டுப்பன்றி, காட்டுமரம் என்ற வரிசையில் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் முழுச்சொல்லே வேண்டும். இந்தியாவில் ‘நிரல்’ என்பதை இலங்கைப் பாடநூல்கள் ‘செய்நிரல்’ என்கின்றன. ஆகவே எடுத்துக்காட்டுச் செய்நிரல்.

‘மாதிரி’ ஆகாதா? மூட்டையில் ஒரு பிடி அரிசி அள்ளிப் பார்க்கிறோமே, அது மாதிரி. சோதனைக்கு முன் பிள்ளைகள் செய்யும் வினாத்தாளும் மாதிரி. மாதிரித் தரவு என்றும் சொல்லலாம். ஆனால் ஒரு நிரலகத்தை (லைப்ரரி) எப்படிக் கையாள்வது என்று கற்பிக்கும் பத்து வரிக்கு எடுத்துக்காட்டே பொருந்தும்.

இனித்தான் நான் முக்கியமாக நினைக்கும் இடம். நன்னூற் சூத்திரம் மாறுவதில்லை, அதன் காட்டும் அப்படியே நிற்கும். மூலநிரலை யாரும் பார்த்து மாற்றக்கூடிய திறந்த மூல மென்பொருளில் சூத்திரமே வெளியீட்டுக்கு வெளியீடு மாறுகிறது. பைதன் என்ற நிரல் மொழியில், 2008 டிசம்பரில் வந்த 3ஆம் பதிப்பில், திரையில் எழுதும் ‘பிரின்ற்’ கட்டளைக்கு அடைப்புக்குறி கட்டாயமாயிற்று. அதற்கு முன் எழுதிய ஆயிரமாயிரம் எடுத்துக்காட்டுகள் முதல் வரியிலேயே நின்றுவிட்டன. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு சனிக்கிழமை, சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த பிள்ளைகளுக்குப் பைதன் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு திட்டத்தின் எடுத்துக்காட்டுக் கோப்புறையில் இருந்ததை ஒரு பிள்ளை எழுத்தெழுத்தாகப் பார்த்து அடித்தாள். ஓடவில்லை. “சேர், நான் பார்த்துத்தான் அடிச்சனான், எங்கையோ பிழை விட்டிட்டன்” என்று திரும்பத் திரும்ப அழித்து எழுதினாள். பிழை அவளுடையதல்ல. அடைப்புக்குறி இல்லாத பழைய வரியை யாரும் திருத்தாமல் விட்டிருந்தார்கள். காட்டவேண்டியது காட்டாமல் நின்றால் கற்பவர் தன்னைத்தான் நோகிறார். இது எனக்குப் பொறுக்காத விடயம்.

இதற்கு வழி உண்டு: எடுத்துக்காட்டையே ஓட்டிச் சோதிப்பது. ஒன்றை எடுத்துக்கொள்வோம். ‘யாழ்ப்பாணம்’ என்ற சொல்லின் நீளத்தைப் பைதனில் ‘லென்’ கொண்டு கேட்டால் 11 என்று வரும். நாம் எண்ணினால் ஆறெழுத்து. யூனிக்கோட்டில் காலும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதே காரணம். தமிழைக் கணினியில் கையாளப் பழகுவோருக்கு இதைவிடச் சுருக்கமான எடுத்துக்காட்டு கிடைக்காது. விடையான 11ஐ அதன் கீழேயே எழுதிவிட்டால், 2001இல் பைதன் 2.1உடன் வந்த ‘டொக்ரெஸ்ற்’ என்ற சோதனைக் கருவி அதை ஓட்டி, வருகிற விடையோடு ஒப்பிட்டுச் சொல்லும். ‘ரஸ்ற்’ மொழியிலும் ஆவணக் குறிப்புக்குள் இருக்கும் எடுத்துக்காட்டுகள் சோதனையோடு சேர்ந்து ஓடும். வெளியீட்டுக்கு முன் இதைச் செய்வதுதான் பராமரிப்பு. நிரலகத்துக்கு இடும் பதிப்பெண்ணையே எடுத்துக்காட்டுக் கோப்புறைக்கும் இட்டால், பழைய பதிப்பு வைத்திருப்பவர் பழைய எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வார்.

எடுப்பது திட்டக்காரர் மட்டுமல்ல, வாசிப்பவரும்தான். பத்து வரியை வெட்டித் தன் செய்நிரலில் ஒட்டுகிறவருக்கு உரிமம் தெளிவாக இருக்கவேண்டும். பைதன் ஆவணங்களின் எடுத்துக்காட்டுகள் 3.8.6 பதிப்பிலிருந்து ‘சீரோ கிளோஸ் பிஎஸ்டி’ உரிமத்தின் கீழும் கிடைக்கின்றன. பெயர் குறிப்பிடும் கடமைகூட அதில் இல்லை. தமிழில் திட்டம் நடத்துவோர் கோப்பின் தலையில் இரண்டு வரி எழுதினால் போதும்: எந்தப் பதிப்பில் ஓட்டிப் பார்த்தது, எந்த உரிமத்தில் எடுக்கலாம்.