வெயிலூர்க்காரனுக்கு எதற்குக் கம்பளி?

வேலூருக்கு ‘வெயிலூர்’ என்று பட்டப்பெயர் வைத்த புண்ணியவான் யாரோ, அதனால் எங்களுக்கெல்லாம் ஒரு மிதப்பு. பிப்ரவரி கடைசியில் ராஜஸ்தான் பாலைவனத்தில், ஜெய்சால்மர் பக்கத்து மணல்மேடுகளில் ஒரு பகல், ஓர் இரவு நடந்துவிட்டு வரலாம் என்று நண்பர்கள் மூன்று பேர் முடிவு செய்தோம். சத்துவாச்சாரி டீக்கடையில் சாமான் பட்டியல் போடும்போது ஒருவன் சொன்னான்: “வெயிலு நமக்கு இன்னா புதுசா மச்சான்? ஆளுக்கு மூணு லிட்டர் தண்ணி, ஒரு துண்டு. பத்தலன்னா பாலாத்துல மாதிரி ஊத்து தோண்டிக்கலாம்.”

பாலாற்று மணலுக்கடியில் ஆறு ஓடிய ஈரம் தங்கியிருக்கும். வருஷத்துக்குச் சுமார் 200 மில்லிமீட்டர் மழை மட்டுமே பார்க்கும் ஊரின் மணல்மேட்டில் எவ்வளவு தோண்டினாலும் மணல்தான். அதை விடுங்கள். மூன்று லிட்டர், ஒரு துண்டு என்ற கணக்கே தப்பு. இரண்டையும் தப்பாக்குவது ஒரே ஆள்: காய்ந்த காற்று.

மண்பானைத் தண்ணீர் சித்திரையில் ஜில்லென்று இருக்கும், ஐப்பசி மழையில் அவ்வளவு குளிராது. கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் இருந்தால் அந்த வேலை மந்தமாகிவிடும். நம் உடம்பும் ஒரு பானைதான். 1 லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் வெளியேறும். மூட்டையோடு மணலில் நடப்பவரின் உடம்பில் மணிக்கு 350, 400 கிலோ கலோரி வெப்பம் உண்டாவது சாதாரணம். கால் புதையும் மணலில், கெட்டித் தரையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகிறது. கொஞ்சத்தைக் காற்றே வாங்கிக்கொள்ளும், வெயில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஆக மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை வியர்வை. ஆறு மணி நேர நடைக்கே நாலு லிட்டர் போய்விடும். சமையல், இரவு, மறுநாள் காலை எல்லாம் சேர்த்தால் ஆளுக்கு ஏழு. அதாவது முதுகில் ஏழு கிலோ.

இதில் ஏமாற்று வேலை என்னவென்றால், அங்கே வியர்ப்பதே தெரியாது. இங்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு எச்சரிக்கும். அங்கே வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும். சாயங்காலம் சட்டையில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு மட்டும் இருக்கும். அந்த உப்பும் திரும்ப உள்ளே போக வேண்டும், வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும். 1 லிட்டர் நீருக்கு ஆறு சமதளக் கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு, டீஸ்பூன் அளவில். அப்புறம், மிச்சம் பிடிக்கிறேன் என்று குடிக்காமல் நடப்பது வீண். பாட்டிலில் இருக்கும் நீர் உடம்பைக் குளிர வைக்காது. நடக்கும் நேரத்தை விடியலுக்கும் மாலைக்கும் தள்ளினால் உண்மையிலேயே மிச்சமாகும்.

சரி, இரவு. வேலூரில் கோடையில் பத்து மணிக்கு மொட்டை மாடியில் வெறுங்காலை வைத்தால் இன்னும் சுடும். கல்லும் கான்கிரீட்டும் பகல் வெப்பத்தை ஆழமாக உள்ளே வாங்கி வைத்து, இரவெல்லாம் தவணையில் கொடுக்கின்றன. காய்ந்த மணல் அப்படியில்லை. மத்தியானம் பாலாற்றில் நடக்கும் பிள்ளைகள், கால் பொறுக்காமல் மேல்மணலைத் தள்ளிவிட்டு நிற்பார்கள். ஒரு சாண் கீழே மணல் குளுமையாக இருக்கும். மணல் மணிகளுக்கு நடுவே இருக்கும் காற்று வெப்பத்தை இறங்க விடுவதில்லை. சேமிப்பு மேல்தோலில் மட்டும்தான், பொழுது சாய்ந்ததும் அது தீர்ந்துபோகும்.

அந்த வெப்பம் அகச்சிவப்புக் கதிராக வானத்துக்குப் போகிறது. காற்றில் நீராவி இருந்தால் அதில் ஒரு பங்கைப் பிடித்துத் தரைக்கே திருப்பி அனுப்பும். காய்ந்த, மேகமில்லாத வானத்தில் தடுக்க ஆளில்லை. பகலில் 30 டிகிரியை ஒட்டி இருந்த இடம் விடியற்காலையில் 12, 13 டிகிரிக்கு இறங்கிவிடும். திறந்த வெளியில் படுத்தால் நாமும் அந்த வானத்துக்கு வெப்பத்தைத் தானம் செய்துகொண்டிருப்போம். மரத்தடியில் படுத்தால் கிளைகள் ஓரளவு மறைக்கும். அங்கே இருக்கும் மரத்தைக் கேஜ்ரி என்கிறார்கள். நம்மூர்க் கோயில்களில் இருக்கும் அதே வன்னி மரம். முதுகுக்கடியில் தடித்த பாயும் வேண்டும், குளிர்ந்த மணல் கீழேயிருந்து இழுக்கும்.

பட்டியலில் மூன்றை அடித்து ஏழு என்று மாற்றினோம். துண்டையும் அடித்துவிட்டுக் கம்பளி என்று எழுதப்போனேன்.

“துண்டு இருக்கட்டும் மச்சான்” என்றான், “தலைக்குக் கட்டிக்கலாம்.”