லிஃப்டில் ஏறாதவரும் லிஃப்டுக்குச் சொந்தக்காரர்தான்

சென்னையிலும் புறநகரிலும் அடுக்குமாடி உரிமையாளர் சங்கங்களுக்குக் கணக்குத் தணிக்கை செய்வது என் வேலையில் ஒரு சிறு பகுதி. பெரிய வருமானம் தராது, தலைவலிக்கு மட்டும் குறைவில்லை. போன மாதம் வந்த ஒரு கணக்கோடு கடிதம் ஒன்றும் இணைத்திருந்தார்கள். அதைப் படித்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்க விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

தரைத்தளமும் மூன்று மாடியுமாக 24 வீடுகள். லிஃப்ட் பழசாகிவிட்டது, இனி ரிப்பேர் செய்து பயனில்லை, மாற்றத்தான் வேண்டும் என்று கம்பெனி எழுதிக் கொடுத்துவிட்டது. சங்கத்திடம் பணம் இல்லை. ஆளுக்கு இவ்வளவு என்று கமிட்டி பிரித்துக் கேட்டதும் தரைத்தளத்தின் ஆறு வீட்டுக்காரர்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு அனுப்பிய கடிதம் அது. “நாங்கள் இதுவரை லிஃப்டைப் பயன்படுத்தியதே இல்லை. ஆகவே எங்களுக்கு இந்தச் செலவில் பொறுப்பு இல்லை.” முதல் மாடிக்காரர்கள் உடனே பாதிதான் தருவோம் என்றார்கள். மூன்றாம் மாடியில் முட்டி அறுவை சிகிச்சை முடிந்த ஒரு அம்மா தெருவில் இறங்கி இரண்டு மாதமாகிறது.

இந்த வாதத்தை வேறுவேறு கட்டடங்களில், வேறுவேறு கையெழுத்தில் பார்த்துவிட்டேன். எங்கே தப்பு என்று ஒருமுறை விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். உள்ளே நீங்கள் வாங்கியதாக எழுதியிருப்பது நான்கு சுவர் மட்டும் அல்ல. மனையில் இத்தனை சதுர அடி பிரிபடாத பாகம், எல்லோரும் சொல்கிற யு.டி.எஸ்., அதுவும் உங்கள் பெயரில் இருக்கும். கூடவே படிக்கட்டு, மொட்டைமாடி, சம்ப், செப்டிக் டேங்க், லிஃப்ட் எல்லாவற்றிலும் பொது உரிமை. அந்த யு.டி.எஸ்ஸைக் காட்டித்தான் வங்கியில் கடன் வாங்கினீர்கள். விற்கும்போது “லிஃப்ட் வசதி உண்டு” என்று விளம்பரம் கொடுக்கப்போவதும் நீங்கள்தான். சொந்தக்காரராக இருப்பதால் வருகிற செலவு இது. எத்தனை தடவை ஏறி இறங்கினீர்கள் என்று எண்ணிப் போடுகிற கட்டணம் இல்லை. பயன்படுத்தினால்தான் காசு என்றால் மொட்டைமாடி ஒழுகும்போது அது மேல்மாடிக்காரர் பாடு, செப்டிக் டேங்க் நிரம்பி வழியும்போது அது தரைத்தளத்தார் பாடு என்று விட்டுவிடலாமா? அன்றைக்கு மட்டும் “இது பொதுப் பிரச்சினை” என்று முதல் போன் எங்கிருந்து வரும் என்று எல்லா செகரட்டரிகளுக்கும் தெரியும்.

செலவைச் சமமாகப் பிரிப்பதா, சதுர அடிப்படி பிரிப்பதா, லிஃப்டுக்கு மட்டும் தனிக் கணக்கா என்பது வேறு கேள்வி. அதைப் பொதுக்குழுவில் பேசிப் பைலாவில், அதாவது சங்கத்தின் விதிமுறைகளில், எழுதிவைக்கலாம். லிஃப்ட் நின்றபிறகு அந்தப் பேச்சை ஆரம்பிக்காதீர்கள்.

இதன் இன்னொரு வடிவம், “வீடு பூட்டித்தானே கிடக்கிறது, எதற்கு மெயின்டனன்ஸ்?” வெளிநாட்டில் இருப்பவர்கள் அதிகம் கேட்பது. பூட்டிய வீட்டுக்கும் வாட்ச்மேன் உண்டு ஐயா. ஆள் இல்லாத வீட்டைத்தான் அவர் இன்னும் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. “நான் சங்கத்தில் சேரவே இல்லையே” என்பது மூன்றாவது வடிவம். 2016-இல் வந்த ரியல் எஸ்டேட் சட்டம், நாம் ரேரா என்று சொல்வது, பில்டரை மட்டும் கட்டிப்போடுகிற சட்டம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அதன் 19-ஆம் பிரிவு வாங்குபவரின் கடமைகளையும் சொல்கிறது. பராமரிப்புச் செலவில் தன் பங்கை உரிய காலத்தில் கட்ட வேண்டும், சங்கம் அமைப்பதில் பங்கெடுக்க வேண்டும் என்று இரண்டும் அங்கே இருக்கின்றன.

இதெல்லாம் உரிமையாளர்களுக்கு. கமிட்டிக்காரர்கள் சிரித்துக்கொண்டே படித்திருப்பீர்கள். இனி உங்கள் முறை.

மேலே சொன்ன கட்டடத்தில் லிஃப்டுக்குப் பணம் ஏன் இல்லை? வீட்டுக்கு 2,500 ரூபாய், மாதம் 60,000 வசூல். வாட்ச்மேன்களுக்கு 30,000, துப்புரவுக்கு 9,000, பொது மின்சாரம் 8,000, லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் 4,000. மிச்சத்தைத் தண்ணி லாரியும் மோட்டார் ரிப்பேரும் சாப்பிட்டுவிடும். வருடக்கடைசியில் கையிருப்பு பூஜ்ஜியம். “நம்ம செகரட்டரி மெயின்டனன்ஸை ஏற்றவே இல்லை” என்று அவருக்குப் பொன்னாடை வேறு. வீட்டுக்கு மாதம் 500 ரூபாய் தனியாக எடுத்துவைத்திருந்தால் வருடத்துக்கு 1,44,000. பத்து வருடத்தில் வட்டி இல்லாமலே 14,40,000. லிஃப்டுக்கு ஆயுள் உண்டு, ஜெனரேட்டருக்கு உண்டு, வெளிப்பூச்சுக்கும் உண்டு. அந்தச் செலவு வரும் என்பது முன்கூட்டியே தெரியும். இப்படிப்பட்ட பெரிய செலவுகளுக்கான சேமிப்பு நிதி, கார்பஸ் என்ற பெயரில் பில்டர் ஆரம்பத்தில் வாங்கிய தொகை எங்கே என்று கேட்டால் பாதிக் கட்டடங்களில் பதில் வராது.

பதில் வந்தாலும் சில சமயம் பயமாக இருக்கும். சங்கத்தின் வைப்புநிதி செகரட்டரியின் சொந்தப் பெயரில்! கேட்டால், “சார் நேர்மையானவர், ரிட்டயர்டு ஆபீசர்” என்பார்கள். அவர் நேர்மையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வட்டி அவருடைய பான் எண்ணில் ஏறும், வருமான வரி நோட்டீஸ் அவர் வீட்டுக்கு வரும். நாளைக்கு அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் வங்கி அவருடைய நாமினியைத்தான் கூப்பிடும், உங்களை அல்ல. வாரிசுகளோடு வழக்காடி அந்தப் பணத்தை மீட்கிற அவஸ்தை தேவையா? சங்கத்தைப் பதிவு செய்யுங்கள், சங்கத்தின் பெயரில் பான் வாங்குங்கள், இருவர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று கணக்குத் தொடங்குங்கள். புதுக் கமிட்டி வந்ததும் கையெழுத்துகளை மாற்றுங்கள். முடிந்தது.

வரி விஷயத்தில் வாட்ஸ்அப்பில் உலவுவதை நம்பி ஒரு சாரார் தேவையில்லாமல் நடுங்குகிறார்கள், இன்னொரு சாரார் எதுவுமே கட்டவேண்டாம் என்று தூங்குகிறார்கள். உறுப்பினர்களே தங்களுக்குள் போட்டுச் செலவழிக்கும் மெயின்டனன்ஸ் சங்கத்தின் வருமானமாகாது. ஆனால் அந்தப் பணத்தை வங்கியில் போட்டு வருகிற வட்டி அப்படியல்ல. 2013-இல் பெங்களூர் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு வரி உண்டு என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. மொட்டைமாடியில் செல்போன் டவர் வைத்து வாங்குகிற வாடகையையும் மெயின்டனன்ஸோடு சேர்த்து மறைக்காதீர்கள். ஜி.எஸ்.டி. பற்றிப் பயப்பட வேண்டியவர்கள், வீட்டுக்கு மாதம் 7,500 ரூபாய்க்குமேல் வசூலித்து, ஆண்டு வரவும் 20 லட்சத்தைத் தாண்டுகிற சங்கங்கள். நம் 24 வீட்டுக் கட்டடம் அதில் வராது.

பணத்தைவிட மோசமான நோய் ஒன்று உண்டு. பதவி. கமிட்டியில் உட்கார்ந்த மூன்றாம் மாதமே சிலருக்குத் தாங்கள் ஒரு குட்டி அரசாங்கம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. வேலைக்கு வரும் பெண்கள் லிஃப்டில் ஏறக்கூடாது, கல்யாணமாகாதவர்களுக்கு வாடகைக்கு விடக்கூடாது, நாய் வளர்க்கக்கூடாது, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறார்கள். பெரும்பான்மை கையைத் தூக்கிவிட்டால் எல்லாம் சட்டமாகிவிடாது. வளர்ப்பு நாயைப் பெரும்பான்மை முடிவாலும் தடைசெய்ய முடியாது என்று விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. பைலாவில் இல்லாத அபராதம் கணக்கில் வரவாக ஏறியிருந்தால் நான் சிவப்பு மையில் வட்டம் போடுவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். திறந்தவெளி பார்க்கிங் எல்லோருக்கும் பொதுவானது என்கிறது ரேரா. அதை வேண்டியவர்களுக்கு ‘ஒதுக்கி’ பணம் வாங்குவதும் அதே ரகம்தான்.

அப்படியானால் சங்கம் இருக்கிற இடத்தில் வாங்குவதே வம்பா என்று கேட்கிறீர்களா? கிடையவே கிடையாது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, முன்பணம் கட்டி லாரிக்காரரோடு பேசிவைத்த சங்கங்களுக்குத் தண்ணீர் வந்தது. சங்கம் இல்லாத கட்டடத்தில் ஒவ்வொரு வீடும் தனித்தனியாகப் போன் போட்டுக்கொண்டிருந்தது. கட்டுமானக் குறை தெரிந்தால் வீடு ஒப்படைத்த ஐந்து வருடத்துக்குள் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்பது சட்டம். தனி ஆள் எழுதினால் பில்டர் அலுவலகம் அதை ஃபைலில் போடும், சங்கம் எழுதினால் என்ஜினீயரை அனுப்பும். இது நான் பார்த்த நடைமுறை.

பழைய கட்டடக்காரர்கள் இதை இன்னும் கவனியுங்கள். 1994-ஆம் வருடச் சட்டத்துக்குப் பதிலாக 2022-இல் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் கொண்டுவரப்பட்டு, 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் சம்மதம் போதும் என்கிறது. எண்பதுகளில் கட்டிய கட்டடங்களுக்கெல்லாம் புரமோட்டர்கள் நடையாய் நடக்கிறார்கள். அந்தப் பேரத்தில் உங்கள் சார்பில் உட்காரப்போவது சங்கம்தான். மீட்டிங்குக்கே வராதவர் அன்றைக்கு மட்டும் வந்து “எனக்கு யாரும் சொல்லவே இல்லை” என்றால் என்ன செய்வது? அருள்கூர்ந்து வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையைக் கொடுங்கள். பொதுக்குழுவில் காபி, போண்டா எல்லாம் உண்டு.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மெயின்டனன்ஸ் நீங்கள் கட்டுவதா, ஓனர் கட்டுவதா என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். கார்பஸுக்கும் லிஃப்ட் மாற்றுவதற்கும் உங்களிடம் கேட்டால் ஓனரைக் கைகாட்டுங்கள். சொத்து அவருடையது.

வாங்கப்போகிறவர்கள், சமையலறை டைல்ஸைத் தட்டிப் பார்த்தது போதும். சங்கம் பதிவு செய்யப்பட்டதா என்று கேளுங்கள். பைலா நகல், தணிக்கை செய்த மூன்று வருடக் கணக்கு, வைப்புநிதி யார் பெயரில் எவ்வளவு, விற்பவருக்குப் பாக்கி ஏதும் இல்லை என்று சங்கத்தின் கடிதம், இவ்வளவும் கைக்கு வந்தபிறகு அட்வான்ஸ் கொடுங்கள். லிஃப்ட் எந்த வருடத்தது என்றும் பாருங்கள். “நம்ம பில்டிங்ல அதெல்லாம் கிடையாது சார், எல்லாரும் குடும்பம் மாதிரி” என்று பதில் வந்தால், புது லிஃப்டில் உங்கள் பங்கு எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டு, வீட்டு விலையில் அதைக் கழித்துப் பேசுங்கள்.