மகிமை, மாட்சி, பரலோகம், விண்ணகம்: சொல் விளக்கம்

கிறிஸ்தவத் தமிழில் மகிமை என்பது கடவுளின் மேன்மை கண்ணுக்கும் மனத்துக்கும் புலப்படும்படி வெளிப்படுவது. பரலோகம் என்பது அந்த மகிமை மறைவின்றி விளங்குகிற இடம், அல்லது நிலை. பர்மாவில் (மியான்மரில்) யாங்கோனிலும் மோல்மேனிலும் உள்ள தமிழ்ச் சபைகளில் இந்த இரண்டு சொற்களும் தினம் புழங்குகின்றன. ஆனால் 1960களில் பள்ளிகள் அரசுடைமையாகி, படிப்பெல்லாம் பர்மியத்தில் என்றான பிறகு, தமிழில் பாடத் தெரிந்த பலருக்குத் தமிழில் வாசிக்க வராது. அவர்கள் கையில் இருப்பது பர்மிய வேதாகமம். ஆகவே இங்கே ஒரு சொல்லை விளக்க வேண்டுமானால் எபிரேயம், கிரேக்கம், தமிழ் மூன்றையும் பார்த்தால் மட்டும் போதாது; பர்மியத்தையும் பார்த்தாக வேண்டும்.

மூலத்திலிருந்து தொடங்குவோம். பழைய ஏற்பாட்டில் மகிமைக்கு உரிய எபிரேயச் சொல் காவோத். அதன் வேர்ப்பொருள் பாரம், எடை. அதே வேரிலிருந்து வரும் காவேத் என்பதற்குப் பாரமானது என்று பொருள். ஈரலுக்கும் எபிரேயத்தில் அதுவே பெயர். பார்வோன் மனம் கடினப்பட்டது என்று நாம் வாசிக்கும் சில இடங்களில் எபிரேயம் சொல்வது அவன் மனம் பாரமாயிற்று என்பதே. 1 சாமுவேல் 4ஆம் அதிகாரத்தில் இந்த வேர் அடுத்தடுத்து இரண்டு இடங்களில் வருகிறது. கிழவனான ஏலி பாரமான உடம்போடு பின்னால் விழுந்து கழுத்து முறிந்து சாகிறான். அடுத்த சில வசனங்களில் அவன் மருமகள் பிள்ளைக்கு இக்கபோத் என்று பேரிட்டு, மகிமை இஸ்ரவேலை விட்டுப் போயிற்று என்கிறாள். பாரமான ஆசாரியன் விழுந்தான், உண்மையான பாரம் நாட்டை விட்டே போனது: எபிரேயத்தில் கேட்டவருக்கு இந்தச் சிலேடை காதில் விழுந்திருக்கும். தமிழில் அது விழாது.

ஏன் விழாது? மகிமை வடமொழி மகிமனிலிருந்து வந்தது. பெரிது என்று பொருள்படும் மகத் என்பதோடு உறவுள்ளது. அதாவது தமிழ்ச் சொல்லின் அடியில் இருப்பது அளவு. எபிரேயச் சொல்லின் அடியில் இருப்பது எடை. யோகிகள் பெறுவதாகச் சொல்லும் எட்டு ஆற்றல்களான அட்டமாசித்திகளின் பெயர்கள் தெரிந்தவர்களுக்கு வேறுபாடு உடனே விளங்கும்: மகிமா என்றால் உருவத்தைப் பெரிதாக்குவது, கரிமா என்றால் பாரமாக்குவது. வேர்ப்பொருளை மட்டும் பார்த்தால் காவோத் கரிமாவுக்கே நெருக்கம். ஆனாலும் கரிமாவை வேதாகமத்துக்குள் கொண்டுவர வேண்டிய தேவை எழவில்லை, ஏனென்றால் தமிழிடம் அதைவிட நல்ல சொல் ஒன்று ஏற்கெனவே இருந்தது. அது கனம்.

கனம் என்றால் எடை. கனம் என்றால் மதிப்பு. மூட்டையும் கனம், சபாநாயகரும் கனம். காவோத்தின் இரண்டு பொருளும் ஒரே சொல்லில் வேறெந்தத் தமிழ்ச் சொல்லிலும் இவ்வளவு இயல்பாகச் சேரவில்லை. பழைய மொழிபெயர்ப்பாளர்கள் இதை அறிந்தே பயன்படுத்தியிருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. பத்துக் கட்டளைகளில் "உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக" என்ற இடத்தில் எபிரேயத்தில் இருப்பது காவோத்தின் வினை வடிவமே. 1 கொரிந்தியர் 15:43இல் உடல் "கனவீனமுள்ளதாய் விதைக்கப்படும், மகிமையுள்ளதாய் எழுந்திருக்கும்" என்று எதிர்ச்சொல்லாக வருவதும் கனவீனம், கனமின்மை. உச்சம் 2 கொரிந்தியர் 4:17. அங்கே பவுல், இலேசான உபத்திரவத்தை ஒரு தட்டிலும் மகிமையின் பாரத்தை மறு தட்டிலும் வைக்கிறார். கிரேக்கத்தில் அவர் பாரம் என்ற சொல்லையே தனியாக எழுத வேண்டியிருந்தது. தமிழில் அது "நித்திய கனமகிமை" என்று ஒரே சொல்லாய்த் திரண்டுவிட்டது. மகிமை என்றால் என்ன என்று கேட்கிற ஞாயிறுபள்ளிப் பிள்ளைக்குக் காட்ட இதைவிடப் பொருத்தமான வசனம் இல்லை.

ஒரு எச்சரிக்கை. கனம் என்று வரும் இடமெல்லாம் மூலத்தில் காவோத் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. சங்கீதம் 8:5இல் "மகிமையினாலும் கனத்தினாலும்" என்பதில் மகிமைதான் காவோத். கனம் அங்கே ஹாதார் என்ற வேறு சொல்லுக்கு நிற்கிறது. புதிய ஏற்பாட்டில் "மகிமையும் கனமும்" இணைந்து வரும்போது கனம் பெரும்பாலும் திமே, அதாவது மதிப்பு, விலை.

கிரேக்கச் சொல்லின் கதை வேறு. தோக்ஸா என்றால் பழைய கிரேக்கத்தில் கருத்து, பிறர் ஒருவரைப் பற்றி நினைப்பது, அதனால் வரும் பேர். எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் காவோத்துக்கு இந்தச் சொல்லை வைத்தார்கள். அதற்குப் பிறகு தோக்ஸா தன் பழைய பொருளோடு பாரத்தையும் ஒளியையும் சேர்த்துச் சுமக்கத் தொடங்கியது. மேய்ப்பர்களைச் சுற்றிலும் கர்த்தருடைய மகிமை "பிரகாசித்தது" என்று லூக்கா எழுதும்போது அது ஒளி. "மனுஷரால் வருகிற மகிமையை அதிகமாய் விரும்பினார்கள்" என்று யோவான் 12:43 சொல்லும்போது அது பேர், புகழ். இரண்டும் ஒரே கிரேக்கச் சொல். தமிழில் இதற்கு இணையாக ஒன்று உண்டு: ஒளி. "ஒளிஒருவற்கு உள்ள வெறுக்கை" என்ற குறளில் ஒளி விளக்கின் வெளிச்சமல்ல, மேன்மை, பேர்.

யோவான் சுவிசேஷத்தில் இன்னொரு திருப்பம் இருக்கிறது, பிரசங்கங்களில் அடிக்கடி தவறவிடப்படுவது. மகிமைப்படுத்துதல் என்ற வினை அங்கே பல இடங்களில் சிலுவையைக் குறிக்கிறது. யூதாஸ் வெளியே போனவுடன் "இப்பொழுது மனுஷகுமாரன் மகிமைப்படுகிறார்" என்று இயேசு சொல்கிறார். மகிமையை வெற்றி, செழிப்பு, கைதட்டல் என்று மட்டும் விளக்கினால் இந்த வசனம் புரியாமலே போகும்.

ஷெக்கினா மகிமை என்ற தொடரும் பிரசங்கங்களில் கேட்கிறது. ஷெக்கினா வேதாகமத்தில் எங்கும் இல்லாத சொல்; தங்கு, குடியிரு என்ற பொருளுடைய எபிரேய வேரிலிருந்து பிற்கால யூத ஆசிரியர்கள் ஆக்கிக்கொண்டது. கருத்து வேதத்தில் இருக்கிறது: யாத்திராகமம் 40இல் மேகம் கூடாரத்தை மூட, மகிமை வாசஸ்தலத்தை நிரப்புகிறது. சொல்லை வசனம்போல் மேற்கோள் காட்டுவதுதான் தவறு. வாசஸ்தலம் என்ற நம் சொல்லே அந்த வேரின் பொருளைச் சரியாகத் தருகிறது.

தனித்தமிழ் இணை மாட்சி. மாண் என்ற அடியிலிருந்து வந்தது. கத்தோலிக்கரும் மற்றவர்களும் சேர்ந்து உருவாக்கி 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு இதைத்தான் எடுத்துக்கொண்டது: "உன்னதத்தில் கடவுளுக்கு மாட்சி உரித்தாகுக". நல்ல சொல். ஆனால் இதற்கும் பழைய வாசனை உண்டு. குறளில் இறைமாட்சி என்ற அதிகாரம் அரசனின் குணங்களைப் பற்றியது. மனைமாட்சி இல்லாளின் குணம். மாட்சி என்றால் பண்பின் நிறைவு; சுற்றிலும் பிரகாசிப்பது அதன் இயல்பான பொருளல்ல. அதனால் லூக்கா 2:9 போன்ற இடங்களில் மாட்சி என்று வாசிப்பவர் ஒளியைத் தானே சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பண்பு, மேன்மை பேசும் இடத்தில் மாட்சியும், பாரமும் ஒளியும் பேசும் இடத்தில் மகிமையும் பொருந்தும் என்பது எங்கள் கணிப்பு. ஒரே கட்டுரைக்குள் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுவதுதான் குழப்பம்.

இனி பர்மியம். அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் 1813இல் இரங்கூன் (இன்றைய யாங்கோன்) வந்து, மோல்மேனில் 1834இல் முழு வேதாகமத்தையும் பெயர்த்து முடித்தார்; திருத்திய பதிப்பு 1840இல் வந்தது. அதில் மகிமைக்கு நிற்கும் சொல் போன். பௌத்தத் துறவியைப் போன்ஜீ என்கிறோமே, அதே போன். பெரிய போன் உடையவர் என்பதே அந்தப் பெயரின் பொருள். பர்மிய வழக்கில் போன் முற்பிறவிப் புண்ணியத்தால் சேரும் ஆற்றல்; கூடவும் குறையவும் செய்யும். ஆண்களுக்கு அது இயல்பிலேயே உண்டு என்றும், தலைக்குமேல் பெண்கள் இடுப்பில் உடுத்தும் தமெய்ன் என்ற துணி தொங்கினால் குறைந்துபோகும் என்றும் நம்பிக்கை. 2021இல் ராணுவ ஆட்சியை எதிர்த்த போராட்டக்காரர்கள் தெருக்களின் குறுக்கே கயிறு கட்டித் தமெய்ன்களைத் தொங்கவிட்டது சிப்பாய்களின் இந்த நம்பிக்கையைக் கணக்கில் வைத்துத்தான்.

ஜட்சனுக்கு இதைவிடக் கிட்டத்தில் வேறு சொல் இருந்திருக்குமா என்பது ஐயமே. மக்கள் மேலே நிமிர்ந்து பார்க்கிற எதற்கும் போன் என்றுதான் பேர். ஆனால் தமிழில் மகிமை என்று கேட்டுப் பர்மியத்தில் போன் என்று வாசிக்கிற பிள்ளைக்கு இரண்டு வேறுபாடுகளைச் சொல்லித் தர வேண்டும். கடவுளின் மகிமை சம்பாதித்துச் சேர்த்ததல்ல. எந்தத் தீட்டாலும் அது குறைவதும் இல்லை. "எல்லாரும் பாவஞ்செய்து, தேவமகிமையற்றவர்களாகி" என்ற ரோமர் 3:23, போன் என்ற சொல்லோடு படிக்கப்படும்போது, நம் புண்ணியக் கணக்கு குறைந்துபோயிற்று என்பதுபோல் கேட்டுவிடும். பவுல் சொல்வது கணக்கை அல்ல. கடவுளிடமிருந்து வரவேண்டிய ஒன்று நம்மிடம் இல்லை என்பதை.

பரலோகத்துக்கு வருவோம். பர என்றால் அப்பால், மற்றது; பரலோகம் என்றால் மறு உலகம். வடமொழியிலும் பாலியிலும் அது செத்தபின் போகும் உலகத்துக்குப் பொதுப்பெயர், நல்லதோ கெட்டதோ. கிறிஸ்தவத் தமிழில்தான் அது நல்ல இடத்துக்கு மட்டுமான பெயராகச் சுருங்கியது. எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் வானத்துக்கும் பரலோகத்துக்கும் தனித்தனிச் சொல் கிடையாது: ஷாமாயீம், ஊரானோஸ் இரண்டும் ஆகாயத்தையும் குறிக்கும், கடவுளின் இடத்தையும் குறிக்கும். தமிழ் மொழிபெயர்ப்பாளர்தான் ஒவ்வொரு இடத்திலும் தீர்மானிக்க வேண்டியிருந்தது. ஆதியாகமம் 1:1இல் வானம், மத்தேயு 6:9இல் பரமண்டலங்கள், 5:3இல் பரலோகராஜ்யம். பொது மொழிபெயர்ப்பு விண் என்ற தமிழ் வேரைப் பிடித்துக்கொண்டு விண்ணுலகு, விண்ணகம், விண்ணரசு என்று போனதால் இந்த ஒற்றுமையை ஓரளவு காப்பாற்றிவிட்டது. இந்த ஒரு விஷயத்தில் புதியதே பழையதை மிஞ்சுகிறது.

சங்கத் தமிழில் துறக்கம் உண்டு, குறளில் புத்தேளுலகு உண்டு. ஏன் எடுக்கவில்லை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். துறக்கம் இன்பம் துய்க்கும் தேவருலகத்தை நினைவூட்டும். புண்ணியம் தீர்ந்தால் திரும்பி வர வேண்டிய இடம். கத்தோலிக்கர் நெடுநாள் வழங்கிய மோட்சமோ விடுதலை என்று பொருள்படுவது, இடம் அல்ல.

பர்மிய வேதாகமம் தேவருலகத்தைக் குறிக்கும் நத்பியியை விட்டு, ஆகாயம் என்ற பொருளுள்ள கௌங்கினை எடுத்தது. கர்த்தருடைய ஜெபத்தில் அது கௌங்கின் போம் என்று வருகிறது. இதில் போம் என்பது பாலியின் பூமி: தளம், இருப்பிடம். பௌத்தம் எண்ணும் 31 தளங்களுக்கும் இதே சொல்தான். ஆகவே பௌத்த நண்பரிடம் இதைச் சொன்னால், ஆயுள் முடிந்ததும் இறங்கிவர வேண்டிய மேல்தளம் ஒன்று என்று அவர் புரிந்துகொள்ள வாய்ப்பு அதிகம். நித்தியம் என்பதைத் தனியே சொல்லிச் சேர்க்க வேண்டும்.

எழுத்திலும் ஒரு சிக்கல். பர்மிய எழுத்து பழகாத பெரியவர்களுக்காகப் பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுக்கும்போது மகிமையும் இருப்பிடமும் இரண்டும் போன் என்றே வந்து நிற்கும். மூச்சொலியையும் தொனியையும் காட்ட நம் எழுத்தில் வழியில்லை. இருப்பிடச் சொல் பர்மியத்தில் தலைக்குமேல் புள்ளி வைத்து எழுதப்படுவதால் அதைப் போம் என்றும், மகிமையைப் போன் என்றும் எழுதினால் குழப்பம் தீரும். இங்கே நாமும் அப்படித்தான் எழுதியிருக்கிறோம்.

பரலோகராஜ்யம் இடமல்ல. மத்தேயு மட்டுமே வழங்கும் தொடர் அது. அதே பேச்சை மாற்கும் லூக்காவும் தேவனுடைய ராஜ்யம் என்று எழுதுகிறார்கள். கடவுளின் பேரை நேரே சொல்லத் தயங்கிய யூத வழக்கம் இதற்குக் காரணம் என்று பொதுவாக விளக்குவர். பொது மொழிபெயர்ப்பு மத்தேயுவில் விண்ணரசு என்றும் மற்ற இருவரிடத்தில் இறையாட்சி என்றும் வைத்திருக்கிறது. ஆட்சி என்பதே கிரேக்கச் சொல்லுக்கு அருகில்.

இன்னும் நுட்பமான இடம் எபேசியர். ஒரே கிரேக்கச் சொல் அந்த நிருபத்தில் ஐந்து முறை வருகிறது. நான்கு இடங்களில் பழைய மொழிபெயர்ப்பு உன்னதங்கள் என்றது. 6:12இல் பொல்லாத ஆவிகளைப் பற்றிப் பேசும்போது மட்டும் வானமண்டலங்கள் என்று மாற்றிவிட்டது. பொல்லாத ஆவிகளை உன்னதத்தில் வைக்க மனம் வரவில்லை போலும். விளைவு, தமிழில் மட்டும் வாசிப்பவருக்கு இரண்டும் வேறு இடங்கள் என்று தோன்றும். பவுலுக்கு இரண்டும் ஒன்றே, போராட்டமும் அங்கேதான்.

கடைசியாக, சாவறிவிப்புகள். மகிமைக்குள் பிரவேசித்தார் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. தவறு என்று ஒதுக்க முடியாது. ஆனால் பவுல் உடலின் மகிமையை உயிர்த்தெழுதலோடுதான் இணைக்கிறார், சாகும் நாளோடு அல்ல. வெளிப்படுத்தல் 21இலும் நகரம் இறங்கி வருகிறது, மக்கள் ஏறிப் போவதில்லை. கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்ற பழைய வாசகம் இதற்குப் பொருந்தி நிற்கிறது. பரமபதம் வைணவரின் சொல். பரலோகப் பதவி என்று எழுதினால் சிவலோகப் பதவி என்ற சைவ வழக்கின் அச்சு அப்படியே தெரியும். கல்லறைக் கல்லில் தமிழையும் பர்மியத்தையும் சேர்த்துச் செதுக்கும்போது கௌங்கின் போம் என்பதைத் தனியே விடாமல், பக்கத்தில் நித்திய ஜீவன் என்பதற்கான பர்மியத் தொடரையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கொத்தருக்குக் கொடுக்கும் தாளில் பர்மிய வரியைப் பர்மிய எழுத்திலேயே எழுதிக் கொடுப்பது நல்லது.