பாரபட்சம்: ஓரமா, வரிசையா?

பாரபட்சம் என்ற சொல்லின் உயிர் ‘பட்சம்’. வடமொழியில் பக்ஷம் என்றால் சிறகு, பக்கம். மாதத்தைச் சுக்கில பட்சம், கிருஷ்ண பட்சம் என்று பிரிப்பதும் இதனால்தான். இதே பொருளுள்ள ‘பட்சபாதம்’ இன்னும் வெளிப்படை: அங்கே பாதம் என்பது கால் அல்ல, விழுதல். ஒரு பக்கமாக விழுவது.

தமிழில் இதற்கு ‘ஓரம்’ என்ற பழஞ்சொல் உண்டு. ஒரு பக்கம் சாய்ந்து வழக்குரைத்தவரின் வீட்டை ‘மன்றோரஞ் சொன்னார் மனை’ என்கிறது நல்வழி. அங்கே வெள்ளெருக்குப் பூக்குமாம், மூதேவி வந்து வாழ்வாளாம். குறளின் சொல் ‘கோட்டம்’, அதாவது வளைவு. அலுவலக ஆவணத்துக்கு ‘ஒருதலைச்சார்பு’ பொருந்தும். பேச்சுக்கு ‘ஓரவஞ்சனை’தான், சாய்வோடு ஏமாற்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது.

ஆளுக்கொரு விதமாக நடத்துவதெல்லாம் பாரபட்சம் ஆகாது. ‘பொதுநோக்கான் வேந்தன் வரிசையா நோக்கின்’ என்ற குறளில் (528) வரிசை என்பது அவரவர் தகுதிக்கேற்ற மதிப்பு. தலைவர் ஒவ்வொருவரோடும் தனித்தனி உறவு வைப்பதையும், அதனால் குழுவில் உள்வட்டமும் வெளிவட்டமும் உருவாவதையும் 1975-ல் டான்செரோ, கிரேன், ஹாகா என்ற மேலாண்மை ஆய்வாளர்கள் மூவரும் எழுதினார்கள். உள்வட்டத்துக்குள் போக வழி திறமையா, நெருக்கமா? வரிசையும் ஓரமும் பிரியும் இடம் இதுதான்.

இருவர் விடுப்புக் கேட்கிறார்கள். ஒருவருக்கு நின்ற இடத்திலேயே ‘போயிட்டு வாங்க’. மற்றவருக்கு ‘காரணத்தை மெயில்ல போடுங்க, பார்க்கலாம்’. இருவருக்குமே விடுப்புக் கிடைத்துவிடலாம். ஆனாலும் இரண்டாமவர் அன்றிலிருந்து எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார். தவறு நேர்ந்தால் மறைக்கிறார், யோசனை தோன்றினாலும் சொல்வதில்லை. முதலாமவருக்கும் இழப்புதான்: உழைத்து வாங்கிய பதவி உயர்வைக்கூட மற்றவர்கள் சலுகை என்பார்கள். இதைப் பல மேலாளர்கள் கவனிப்பதே இல்லை.

கடந்த 3 மாதங்களில் நல்ல பணிகள், இரவு ஷிப்ட், விடுப்பு எல்லாம் யார் யாருக்குப் போயின என்று ஒரே தாளில் எழுதி, எதிரே காரணத்தையும் குறிக்க வேண்டும். குழுவின் முன் வாசிக்கக் கூசுகிற காரணம் எதுவோ, அது ஓரம். அளவுகோலை முடிவுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால் சாக்காகத்தான் கேட்கும். மறுபரிசீலனை கேட்கவும் வழி வேண்டும். முடிவெடுக்கும் முறை நியாயமாக இருக்க 1980-ல் உளவியலாளர் லெவன்தால் வகுத்த ஆறு ‘நடைமுறை நீதி’ விதிகளில் திருத்தும் வாய்ப்பும் ஒன்று.

திருத்தப் போகிறேன் என்று நெருக்கமானவரைத் திடீரென ஒதுக்குபவர்களும் உண்டு. அதுவும் பட்சபாதமே, விழுகிற பக்கம்தான் வேறு. அவர் பெயரும் அதே தாளில், அதே அளவுகோலின் கீழ் இருந்தால் போதும்.