மேட்ச் பந்தோபஸ்து: பணம் யாருடையது, பயம் யாருடையது?

மேட்ச் முடிந்த மறுநாள் என்னைப் பார்க்க வரும் பையன்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான். "அண்ணா, நாங்க என்ன ரவுடியா? மேட்ச் பாக்கத்தானே போனோம்?" அல்சூர் கௌதமபுரம், ஆஸ்டின் டவுன் பக்கத்துப் பிள்ளைகள். பெலேவுக்குச் சிலை வைத்த இடம் கௌதமபுரம், ஃபுட்பால் பைத்தியம் அங்கே பரம்பரைச் சொத்து. ஸ்டேடியத்துக்கு வெளியே ட்ரம் தட்டியதற்கு வேனில் ஏற்றி, இரவு வெகுநேரம் உட்கார வைத்து அனுப்பியிருப்பார்கள். கேஸ் இருக்காது, கோபம் இருக்கும்.

வக்கீலாக நான் அவர்களிடம் சட்டத்துக்கு முன்னால் பணத்தைப் பற்றித்தான் பேசுவேன். ஒரு கூட்டத்தைப் போலீஸ் எப்படிப் பார்க்கிறது என்பதில், அந்தப் பந்தோபஸ்துக்கு யார் பணம் கட்டுகிறார்கள் என்பதற்கும் பங்கு உண்டு.

இங்கிலாந்தில் இது கோர்ட் வரை போய்த் தெளிவான விஷயம். 1996ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டத்தின் 25ஆம் பிரிவுப்படி, கேட்டு வாங்கும் சிறப்புப் பாதுகாப்புக்குக் கிளப் பணம் கட்ட வேண்டும். எதுவரை? 2013இல் லீட்ஸ் யுனைடெட் வழக்கில் அப்பீல் கோர்ட் கோடு போட்டது: கிளப்புக்குச் சொந்தமான அல்லது அதன் கட்டுப்பாட்டில் உள்ள இடத்துக்குள் மட்டும். சுற்றியுள்ள தெருக்களில் நிற்பது போலீஸின் வழக்கமான வேலை, அதற்குப் பில் போட முடியாது. 2017இல் இப்ஸ்விச் டவுன் வழக்கில், மேட்ச் நாளில் வண்டிகளுக்கு மூடப்படும் தெருவுக்கும் இதையே சொன்னது.

சரி, இதனால் ரசிகனுக்கு என்ன? எந்த மேட்ச் ஆபத்தானது என்று தரம் பிரிப்பதில் போலீஸ் சொல்தான் எடுபடும். தரம் ஏறினால் பில்லும் ஏறும். பணம் வராத தெருவிலோ ஆள் செலவைக் குறைக்க வேண்டிய நெருக்கடி. மேட்சை மதியத்துக்கு மாற்றுவது, வெளியூர் ரசிகர்கள் குறிப்பிட்ட பஸ்ஸில்தான் வரவேண்டும் என்பதெல்லாம் பாதுகாப்பின் பெயரில் வரும். சில நேரம் அது உண்மைதான். சில நேரம் அது சிக்கனம், அதன் விலையை ரசிகன் தன் விடுமுறை நாளில் கட்டுகிறான்.

அதைவிடக் கடுமையானது மேட்சுக்கு வரத் தடை விதிக்கும் உத்தரவு. இங்கிலாந்தின் 1989ஆம் ஆண்டு ஃபுட்பால் பார்வையாளர் சட்டத்தில் பின்னால் சேர்த்த 14பி பிரிவில், தண்டனையே பெறாதவர் மீதும் போலீஸ் மனு போடலாம். தடை மூன்று முதல் ஐந்து ஆண்டு. எத்தனை தடை என்ற எண்ணிக்கையை அரசு ஆண்டுதோறும் வெளியிடுகிறது. எண்ணிக்கை வெளியாகும்போது, அதைக் கூட்டிக் காட்டும் ஆசையும் வரும் என்பது என் சந்தேகம்.

ஜெர்மனியில் கோடு வேறு மாதிரி. அபாயம் அதிகமான மேட்ச்களின் கூடுதல் போலீஸ் செலவை லீக்கிடம் பிரெமன் மாநிலம் வசூலிக்கலாம் என்று 2025 ஜனவரியில் அரசியலமைப்பு நீதிமன்றமே சொல்லிவிட்டது.

நம்மிடம் இப்படித் தெளிவான கோடு இல்லை. மும்பையில் கிரிக்கெட் மேட்ச் பந்தோபஸ்து பாக்கி பல ஆண்டு நிலுவையில் கிடந்தது. 2023இல் மகாராஷ்டிர அரசு கட்டணத்தையே 2011 முதல் முன்தேதியிட்டுக் குறைத்தது, விஷயம் பொதுநல வழக்காக ஹைகோர்ட்டுக்குப் போனது. பெரிய சங்கத்துக்குச் சலுகை கிடைக்கும். கேட் ஓரம் நிற்கும் கான்ஸ்டபிளுக்கு இதில் ஒரு பைசா இல்லை, சாப்பாட்டுப் பொட்டலம் நேரத்துக்கு வந்தாலே அதிர்ஷ்டம்.

பணத்தைவிட இங்கே பெரிய காரணம் பழி பயம். 2024 ஆகஸ்ட் 18 கொல்கத்தா டெர்பியை, அதாவது ஒரே ஊர்ப் பரம்பரை எதிரிகளான மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதவிருந்த மேட்சை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி டாக்டர் ஒருவர் பாலியல் வன்கொடுமை செய்து கொல்லப்பட்ட கொடூரத்துக்கு எதிராக நகரமே கொதித்துக்கொண்டிருந்தது. பாதுகாப்புத் தர முடியாது என்று மேட்ச் ரத்தானது. அன்று மாலை மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் சேர்ந்து ஸ்டேடியத்துக்கு வெளியே நீதி கேட்டபோது, அவர்களைக் கலைக்கப் போலீஸ் ஏராளமாக வந்து சேர்ந்தது. ஆள் பற்றாக்குறை என்று இனி யார் சொன்னாலும் எனக்கு அந்த மாலைதான் நினைவுக்கு வரும்.

பெங்களூரில் 2025 ஜூன் 4 அன்று ஆர்சிபி அணியின் ஐபிஎல் வெற்றிக் கொண்டாட்டத்தின்போது சின்னசாமி ஸ்டேடிய வாசலில் நெரிசலில் 11 பேர் செத்தார்கள். போலீஸ் கமிஷனரே சஸ்பெண்ட் ஆனார். அதைப் பார்த்த எந்த அதிகாரிக்கும், கூட்டத்தை நடத்திக் காட்டுவதைவிடக் கூட்டமே சேராமல் தடுப்பது பத்திரம் என்று தோன்றும். ட்ரம்மைப் பிடுங்குவது அங்கிருந்துதான் வருகிறது.

ஆகவே சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். போலீஸ் சொன்னதைக் கேட்கவில்லை என்று பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 172ஆம் பிரிவில் பிடித்துவைத்தால், சில்லறை விஷயமானால் 24 மணி நேரத்துக்குள் விட்டாக வேண்டும். முறையான கைது என்றால், காரணத்தை எழுத்தில், கைதானவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. கன்னடம் படிக்கத் தெரியாத நம் பையன்கள் தமிழில் கேட்கலாம், கூச்சம் வேண்டாம். டிக்கெட்டைத் தூக்கி எறியாதீர்கள், நீங்கள் மேட்சுக்குத்தான் வந்தீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி. தெரியாத மொழிப் பேப்பரில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அப்புறம், ரசிகர் குழுவாக ஒரு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட) மனு போடுங்கள். எத்தனை போலீஸ் எங்கே நின்றார்கள் என்று கேட்டால் பாதுகாப்புக் காரணம் சொல்லி மறுக்கக்கூடும். கிளப் எவ்வளவு கட்டியது, எவ்வளவு பாக்கி, எந்த உத்தரவின்படி என்று மட்டும் கேளுங்கள். பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீட்டுக்கு நான் எழுதித் தருகிறேன்.