மான் வேட்டைக்குக் கைத்துப்பாக்கி: அமெரிக்க மாநிலங்கள் எதை அளக்கின்றன?

அமெரிக்காவில் கைத்துப்பாக்கியால் மான் வேட்டையாட விரும்புகிறவர்களில் பலர் முதலில் துப்பாக்கியை வாங்கிவிட்டு, பிறகுதான் மாநில வேட்டை விதிகளைப் புரட்டுகிறார்கள். முறை தலைகீழ். எந்தக் காலிபர் (அங்குலக் கணக்கில் சொல்லப்படும் குண்டின் விட்ட அளவு) செல்லும் என்று நாடு முழுவதற்குமான ஒரே சட்டம் எதுவும் சொல்வதில்லை. அதை ஒவ்வொரு மாநிலமும் தானே தீர்மானிக்கிறது. ஓரிடத்தில் செல்லும் துப்பாக்கி இன்னோரிடத்தில் செல்லாக்காசு.

பொதுவாக அளக்கப்படுபவை மூன்று: குழலின் நீளம், குண்டின் விட்டம், குண்டு தாங்கிச் செல்லும் ஆற்றல். மூன்றையும் எல்லா மாநிலங்களும் அளப்பதில்லை. அளக்கும் மாநிலங்களும் ஒரே இடத்தில் நின்று அளப்பதில்லை. கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் .357 மேக்னம் ரிவால்வர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். குழல் 4 அங்குலம். சுழலும் உருளையைச் சேர்க்காமல் அளந்த நீளம் அது. 158 கிரெய்ன் (குண்டுகளை நிறுக்கும் சிறு எடையளவு) எடையுள்ள குண்டு நொடிக்கு 1,235 அடி வேகத்தில் கிளம்புவதாகத் தோட்டா நிறுவனத்தின் அட்டவணை சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆற்றலைக் கணக்கிட வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி, குண்டின் எடையாலும் பெருக்கி, 450,240 ஆல் வகுக்க வேண்டும். விடை ஏறத்தாழ 535 அடி-பவுண்டு.

ஓஹியோ மான் வேட்டைக்கான கைத்துப்பாக்கியில் குறைந்தது 5 அங்குலக் குழலையும், .357 அல்லது அதற்கு மேற்பட்ட காலிபரில் நேர்ச்சுவர்த் தோட்டாவையும் (கழுத்து குறுகாத தோட்டா) கேட்கிறது. நம் ரிவால்வரின் தோட்டா தேறிவிடுகிறது. குழல் ஓர் அங்குலம் குறைவு என்பதால் துப்பாக்கி தேறவில்லை. இல்லினாய்க்கு 4 அங்குலம் போதும். ஆனால் தோட்டா நிறுவனம் வெளியிட்ட அட்டவணைப்படி குழல்வாயில் 500 அடி-பவுண்டு இருக்க வேண்டும். 535 இருப்பதால் நூலிழையில் பிழைக்கிறது. கொலராடோவிலும் 4 அங்குலம் போதும், விட்டம் .24 இருந்தாலே போதும். பார்த்தால் மூன்றிலும் தாராளமான விதி இதுதான் என்று தோன்றும். ஆனால் அங்கே 550 அடி-பவுண்டு கேட்கிறார்கள், அதுவும் குழல்வாயில் அல்ல, 50 கெஜத் தூரத்தில். நம் குண்டு அந்தத் தூரத்தைத் தொடும்போது 430க்கும் கீழே இறங்கியிருக்கும். 240 கிரெய்ன் குண்டுடன் 1,180 அடி வேகத்தில் கிளம்பும் .44 மேக்னம் அதே 50 கெஜத்தில் 600க்கு மேல் வைத்திருக்கிறது. விதியின் எண்ணை மட்டும் படித்துவிட்டு, அது எங்கே அளந்த எண் என்பதை விட்டுவிடுகிறவர்தான் இங்கே மாட்டிக்கொள்கிறார்.

விட்டத்தை மட்டும் நம்புவதும் ஆபத்து. .38 ஸ்பெஷலும் .357 மேக்னமும் ஒரே விட்டமுள்ள குண்டைத்தான் எறிகின்றன. ஆனால் 158 கிரெய்ன் .38 ஸ்பெஷல் சாதாரணமாகத் தருவது 200 அடி-பவுண்டு அளவுதான். பெயரில் உள்ள எண்ணும் எப்போதும் நிஜ அளவாக இருப்பதில்லை; .44 மேக்னத்தின் உண்மையான விட்டம் .429 அங்குலம். என் கருத்தில் ஆற்றலை அளக்கும் விதியே நேர்மையானது. காயத்தோடு ஓடிப்போகும் மானுக்குக் காலிபரின் பெயர் தெரியாது.

நேர்ச்சுவர்த் தோட்டா என்பது கழுத்துப் பகுதி குறுகாமல் ஒரே உருளையாக இருப்பது. பாட்டில் போலக் கழுத்து சிறுத்த ரைஃபிள் தோட்டாக்கள் மிகத் தொலைவுக்குப் பாயும். வீடுகளும் வயல்களும் கலந்து கிடக்கும் சமவெளியில் அந்தப் பாய்ச்சலுக்கு வரம்பு வைப்பது இந்த விதியின் பயன். கொலராடோ போன்ற மாநிலங்கள் பட்டதும் விரியும் குண்டையும் கேட்கின்றன. கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் ஈயக் குண்டால் வேட்டையாடவே முடியாது.

துப்பாக்கியைத் தேர்ந்த பிறகுதான் மத்தியச் சட்டம் குறுக்கே வருகிறது. 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிமம் பெற்ற கடைக்காரர் ரைஃபிளை 18 வயதினருக்கு விற்கலாம். கைத்துப்பாக்கியை 21 நிறைந்தவர்களுக்கே விற்கலாம். இந்த வயது வரம்பு நீதிமன்றங்களில் வழக்காகவும் நடந்து வருகிறது. வேறு மாநிலத்துக் கடையில் கைத்துப்பாக்கியை வாங்கி நேராகக் கையில் எடுத்து வரவும் முடியாது. சொந்த மாநிலத்துக் கடை வழியாகவே அது வந்து சேர வேண்டும். மறைத்து ஏந்திச் செல்லும் அனுமதி கையில் இருப்பதால் வேட்டை உரிமம் தேவையில்லை என்று ஆகிவிடாது. கொலராடோவில் 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சிச் சான்றிதழும் காட்ட வேண்டும்.

தற்காலிக வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ இருப்பவர்களுக்கு ஒரு தனிச் செய்தி. பொதுவாக அவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். அதற்குள்ள விலக்குகளில் ஒன்று, அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய, நடப்பில் உள்ள வேட்டை உரிமம். நிரந்தர வசிப்புரிமை அட்டை (கிரீன் கார்டு) உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. விசாக்காரர் பருவம் முடிந்ததும் துப்பாக்கியை அலமாரியில் பூட்டிவிட்டு உரிமத்தைப் புதுப்பிக்க மறந்தால், வேறு விலக்கு எதுவும் இல்லாதபோது, அந்த அலமாரியே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடும்.