லைட் வாங்கியாச்சு, வெளிச்சம் எங்கே?

சித்திரைக் கடைசி. சோழவரம் பக்கம் சித்தப்பா சொர்ணவாரிப் பட்டத்துக்கு நிலத்தைத் தயார் செய்துகொண்டிருந்தார். கத்திரி வெயிலில் பகலில் டிராக்டர் சீட்டில் உட்கார முடியாது. அதனால் இரவு எட்டு மணிக்கு மேல்தான், டிராக்டருக்குப் பின்னால் மாட்டி மண்ணைக் கிளறி உடைக்கும் ரோட்டாவேட்டரை ஓட்டுவார். பின்னால் மண் எப்படி உடைகிறது என்று திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டுமே, அதற்காக இரண்டு 55 வாட் ஹாலஜன் விளக்குகளை வாங்கி மட்கார்டில் மாட்டியிருந்தார். ஒரு நாள் போன் செய்தார். "லைட்டு எரியுதுடா, வெளிச்சம்தான் இல்ல. ஒரு எட்டு வந்து பாரேன்."

போய்ப் பார்த்தேன். எண்ணெய் தீரப்போகும் லாந்தர் மாதிரி செம்மஞ்சளாக எரிந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க மல்டிமீட்டரை வைத்தேன். பேட்டரி முனைகளில் 13.6 வோல்ட். விளக்கின் முனைகளில் 11.2. நடுவில் 2.4 வோல்ட்டைக் காணோம். அது எங்கே போனது என்று பிடிபட்டுவிட்டால், டிராக்டருக்கு லைட் போடுகிற வேலையில் முக்கால்வாசி புரிந்த மாதிரி.

வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அங்கே 110 வாட் விளக்கு எரிய அரை ஆம்பியர் போதும். டிராக்டரில் இருப்பதோ 12 வோல்ட். அதே 110 வாட்டுக்கு ஒன்பது ஆம்பியருக்கு மேல் ஓடியாக வேண்டும். கிட்டத்தட்ட இருபது மடங்கு. வீட்டில் ஒரு குண்டு பல்புக்குப் போதுமான மெல்லிய வயர் இங்கே திணறுவது அதனால்தான்.

கணக்கு ரொம்ப எளிது. ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்களவுள்ள செம்புக் கம்பி, ஒரு மீட்டர் நீளத்துக்கு சுமார் 0.017 ஓம் தடை தரும். சித்தப்பா போட்டிருந்தது அதில் பாதிக் குறுக்களவுள்ள வயர், நாலு மீட்டர். தடை 0.14 ஓம். ஒன்பது ஆம்பியர் ஓடும்போது அதிலேயே 1.2 வோல்ட்டுக்கு மேல் கரைந்துவிடும். மீதியையும் தேடினேன். விளக்கிலிருந்து மின்சாரம் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்புவது டிராக்டரின் இரும்பு பாடி வழியாக, இதைத்தான் எர்த் என்பார்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை விளக்கின் பாடியிலும் வைத்தால் பூஜ்யம் காட்ட வேண்டும். 0.8 காட்டியது. பெயின்ட்டின் மேலேயே போல்ட்டை முறுக்கி எர்த் கொடுத்திருந்தார்கள். மிச்சமிருந்த 0.4 வோல்ட், டேஷ்போர்டு சுவிட்சுக்குள் போயிருந்தது.

சரி, 2.4 வோல்ட் போனால் என்ன, ஆறில் ஒரு பங்குதானே என்று தோன்றும். ஹாலஜனில் அப்படிக் கணக்குப் போட முடியாது. அதன் இழை எவ்வளவு சூடாகிறதோ அந்த அளவுக்குத்தான் வெளிச்சம். வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலும் இழையின் வெப்பம் இறங்கி, வெளிச்சம் பல மடங்கு வேகமாகச் சரியும். 10 சதவீதம் வோல்டேஜ் குறைந்தால் ஏறக்குறைய 30 சதவீதம் வெளிச்சம் போய்விடும். 13.6 வர வேண்டிய இடத்தில் 11.2 வந்தால் வெளிச்சம் பாதிதான். இரண்டு விளக்குக்குக் காசு கொடுத்துவிட்டு ஒன்றின் வெளிச்சத்தில் உழுதுகொண்டிருந்தார் மனிதர்.

கரைந்த அந்த வோல்ட் சும்மாவும் போகவில்லை. 2.4 வோல்ட்டை ஒன்பது ஆம்பியரால் பெருக்கினால் 21 வாட்டுக்கு மேல். ரேடியோ ரிப்பேர் கடையில் இருக்கும் 25 வாட் சால்டரிங் அயர்னுக்குக் கொஞ்சம்தான் குறைவு. சுவிட்சைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன். ஒரு பித்தளை முனையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி, ஓரத்தில் மெழுகு மாதிரி வழிந்து உறைந்திருந்தது. டீசல் டேங்கிலிருந்து ஒரு முழம்கூட இல்லை. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

இதற்குத் தீர்வு ரிலே. உள்ளங்கையில் அடங்கும் கறுப்புப் பெட்டி. உள்ளே ஒரு செம்புக் கம்பிச் சுருள், அதன் மேல் ஸ்பிரிங் பிடித்திருக்கும் ஒரு இரும்புத் தகடு. சுருளில் ஏறத்தாழ 0.15 ஆம்பியர் ஓடினாலே அது காந்தமாகித் தகட்டை 'டிக்' என்று இழுத்துக்கொள்ளும். அந்தத் தகடு சேர்த்து வைக்கும் பாதையில் 30 ஆம்பியர்கூடத் தாராளமாக ஓடலாம். விளக்குக்கான மின்சாரம் டேஷ்போர்டு பக்கமே போவதில்லை, பேட்டரியிலிருந்து ரிலே வழியாக நேராக விளக்குக்குப் போய்விடும். சுவிட்சின் வேலை உத்தரவு கொடுப்பது மட்டும். ரிலேயின் அடியில் எண்கள் இருக்கும்: 85, 86 சுருளுக்கு, 30 பேட்டரிக்கு, 87 விளக்குக்கு. சென்னையில் வண்டி பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் எந்தக் கடையில் வாங்கினாலும் இதே எண்கள்தான்.

ஃபியூஸ் விஷயத்தில் நிறைய பேர் தவறுவது அது இருக்கும் இடத்தில். விளக்கைக் காப்பாற்றத்தான் ஃபியூஸ் என்று நினைத்து விளக்குக்குப் பக்கத்தில் போடுகிறார்கள். அது காப்பாற்ற வேண்டியது வயரை. ஸ்டார்ட்டரைச் சுற்றுவதற்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரே மூச்சில் தள்ளுகிற பேட்டரி அது. வயர் எங்காவது உரசித் தோல் உரிந்து பாடியைத் தொட்டால், அத்தனையும் அந்த வழியாகப் பாயும். ஃபியூஸுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கும் வயருக்கு அப்போது காவலே இல்லை. அதனால் பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். நான் 2.5 சதுர மில்லிமீட்டர் வயரும் நீல நிற 15 ஆம்பியர் ஃபியூஸும் போட்டேன். எர்த்துக்கும் பாடியை நம்பாமல் தனி வயர் இழுத்து பேட்டரி நெகட்டிவில் சேர்த்தேன். சென்னையின் உப்புக் காற்றில் செம்பு சீக்கிரம் களிம்பேறும். வயர் நுனியில் மாட்டும் உலோக முனையான திம்பிளை நன்றாக நசுக்கி, மேலே கொஞ்சம் வேசலின் தடவினால் ஈரம் அண்டாது.

இத்தனை மின்சாரத்துக்கு ஊற்று எது? பேட்டரி இல்லை, ஆல்டர்னேட்டர். ஊரில் டைனமோ என்பார்கள். சென்னையில் பாடி என்ற இடத்தில் பஸ் திரும்பும்போது கண்டக்டர் "லூகாஸ்" என்று குரல் கொடுப்பாரே, அந்தத் தொழிற்சாலையில் தயாராவது இந்த ஆல்டர்னேட்டரும் ஸ்டார்ட்டரும்தான். நம்மூர் டிராக்டர்கள் பலவற்றில் 36 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் இருக்கும். சின்ன டிராக்டர்கள் சிலவற்றில் 20கூட இராது. எழுதியிருக்கும் அளவும் இன்ஜின் நல்ல வேகத்தில் ஓடும்போது கிடைப்பது. ரோட்டாவேட்டர் ஓடும்போது இன்ஜின் வேகமாகத்தான் ஓடும், கவலையில்லை. வரப்போரம் நிறுத்தி, ஐடிலில் விட்டுவிட்டு, எல்லா லைட்டையும் எரியவிட்டு டீ குடித்தால், பற்றாக்குறையை பேட்டரி தன் கையிருப்பிலிருந்து கொடுக்கும். காலையில் ஸ்டார்ட்டர் முனகும்போதுதான் விஷயம் தெரியவரும்.

எல்இடி இங்கேதான் கைகொடுக்கிறது. வெளிச்சத்தை லூமென் என்ற அலகில் அளப்பார்கள். ஹாலஜன் ஒரு வாட்டுக்குத் தருவது 20 லூமென் சொச்சம். நல்ல எல்இடி 80, 100 என்று தரும். உள்ளே இருப்பது நீல ஒளி தரும் சில்லு. அதன் மேல் பூசிய பாஸ்பர் என்ற மஞ்சள் பூச்சு, நீலத்தில் ஒரு பகுதியை உறிஞ்சி மஞ்சளாக உமிழ, இரண்டும் சேர்ந்து வெள்ளையாகத் தெரிகிறது. அந்த நீல எல்இடிக்காகத்தான் அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு. சூடேறி அறுந்துபோக இழை என்று ஒன்று இல்லாததால் டிராக்டரின் உலுக்கலையும் தாங்கும். ஆனால் சென்னையில் வண்டி பாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் பெட்டி மேல் எழுதியிருக்கும் வாட்டை அப்படியே நம்ப வேண்டாம். 27 வாட் என்று ஒன்றை வாங்கி அளந்து பார்த்தேன்: 13.5 வோல்ட்டில் 1.3 ஆம்பியர். பெருக்கினால் பதினேழரை வாட்தான்.

எல்இடியில் இன்னொரு சூட்சுமம் உண்டு. உள்ளே இருக்கும் டிரைவர் சர்க்யூட், வோல்டேஜ் இறங்கினால் அதிக ஆம்பியர் இழுத்து வாட்டைச் சரிக்கட்டிக்கொள்ளும். வெளிச்சம் மங்காது. வயர் மட்டும் இன்னும் சூடாகும். ஹாலஜன் மங்கிப்போய் நமக்குச் சொன்ன தகவலை எல்இடி சொல்லாது. அதனால் எல்இடி போட்டாலும் ஒரு தடவை மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள். பின்பக்க அலுமினிய மடிப்புகளில் சேறு அப்பினால் சூடு வெளியேறாமல் சில்லின் ஆயுள் குறையும். அதையும் அவ்வப்போது கழுவ வேண்டும்.

எங்கே மாட்டுவது என்பதிலும் இயற்பியல் இருக்கிறது. சித்தப்பாவுக்கு விளக்கைத் தலைக்கு மேல், கூரைக் கம்பியில் மாட்ட ஆசை. கண்ணுக்குப் பக்கத்திலிருந்து ஒளி கிளம்பினால், எழும்பும் புழுதி அதை நேராகக் கண்ணுக்கே திருப்பி அனுப்பும். எதிரே வெள்ளைச் சுவர் நிற்கிற மாதிரி இருக்கும். தாழ்வாக, பக்கவாட்டில் வைத்தால் இந்தத் தொல்லை குறையும். கூடவே இன்னொரு ஆதாயம்: சாய்வாக விழும் ஒளியில் ஒவ்வொரு மண்கட்டிக்கும் நீளமாக நிழல் விழும். உடைந்தது எது, உடையாதது எது என்பதைக் கண் அந்த நிழலை வைத்துத்தான் பிரித்துப் பார்க்கிறது.

ஆகவே மட்கார்டின் கீழ் விளிம்பில், ரோட்டாவேட்டரைப் பார்த்துக் கொஞ்சம் உள்பக்கம் சாய்த்து, பரந்து விரியும் கண்ணாடியுள்ள இரண்டு எல்இடிகளை மாட்டினோம். சுவிட்சை ஹெட்லைட்டோடு சேர்க்காமல் தனியாக வைத்து, அது எரியும்போது தெரிய ஒரு சிவப்புப் பொட்டு விளக்கும் கொடுத்தோம். வீடு திரும்ப அவர் லாரிகள் ஓடும் ஜி.என்.டி. ரோடு நெடுஞ்சாலையில் ஏற வேண்டும். பின்னால் வெள்ளை விளக்கு எரிந்தால், பின்னே வரும் லாரிக்காரருக்கு டிராக்டர் எதிரே வருகிறதா முன்னே போகிறதா என்றே குழம்பிவிடும்.

அன்று இரவு பதினொரு மணிக்கு சுவிட்சைப் போட்டோம். டிக். பேட்டரியில் 13.7, விளக்கில் 13.4. சித்தப்பா மீட்டரைப் பார்க்கவே இல்லை. சீட்டில் ஏறி, திரும்பி, பின்னால் கிடந்த கட்டிகளைப் பார்த்தார். "அந்த ரெண்டு சால இன்னொரு தபா ஓட்டணும்டா" என்றவர், கியரைப் போட்டார்.